இந்தக் குளிருக்குக் கேரவன் கிளம்பக் கூடாது

கண்ணா, இதை டூட்டி நேரத்தில் படிக்காதே. குவைத்தில், அப்பாசியாவில் உன் வீட்டுக்குப் போய், கை கால் கழுவி, சாப்பிட்டுவிட்டு, நித்யாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி. முதலில் நீ தனியாகப் படித்துவிட்டு அவளிடம் அப்புறம் பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைக்காதே. பக்குவமாகச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுத்தான் நான் இந்த நிலைக்கு வந்து நிற்கிறேன். இதை உனக்கு மட்டும் அனுப்பாமல், இங்கே நம் ஆட்கள் நடத்தும் இணைய இதழுக்கும் பெயர் போடாமல் அனுப்பியிருக்கிறேன். உனக்குக் கோபம் வரும். வீட்டு விஷயத்தை ஏன் ஊருக்குச் சொன்னாய் என்று கேட்பாய். உனக்கு மட்டும் எழுதினால் நாளைக்கே போனில், "அது ஏதோ மனசு சரியில்லாம எழுதிட்டேன்டா, விடு" என்று மழுப்பிவிடுவேன். நாலு பேர் படித்த பிறகு மழுப்ப முடியாது. அப்பா படித்துவிடுவாரே என்று பயப்படாதே. அவர் நீளமாக எதையும் படித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதல் பத்தியை மூன்று முறை படித்துவிட்டு மூடி வைத்துவிடுவார். உனக்குத் தெரியாமல் நான் வைத்திருக்கும் விஷயங்களில் இதுவும் ஒன்று.

ஜனவரியில் சம்பந்தி வருகிறார்கள். நித்யாவின் அப்பாவும் அம்மாவும் வாழ்க்கையில் முதல் தடவையாக விமானம் ஏறி, திண்டுக்கல்லிலிருந்து கிளம்பி ஷார்ஜாவுக்கு வருகிறார்கள். நீயும் நித்யாவும் குவைத்திலிருந்து வந்து ஐந்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவீர்கள். அதற்குப் பிறகு பத்து நாள் அப்பா அவர்களைக் கேரவனில் கூட்டிக்கொண்டு போய் ஓமானைச் சுற்றிக் காட்டுவார். இதுதான் ஏற்பாடு. சம்பந்தியம்மா தினமும் எனக்குப் போன் செய்கிறார். கம்பளி எத்தனை வேண்டும், மாங்காய் ஊறுகாயா, நார்த்தங்காயா என்று கேட்கிறார். நானும் கூசாமல், "நார்த்தங்காயே கொண்டாங்க, வண்டிப் பயணத்துக்கு அதான் நல்லது" என்று சொல்கிறேன். கண்ணா, அந்தப் பயணம் நடக்கக் கூடாது. அப்பா இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. அதை ஒரு வரியில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் நீ ஏன் என்று கேட்பாய், அதற்குத்தான் இவ்வளவு நீளம்.

மற்றவர்களும் படிப்பதால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்கிறேன். அப்பா துபாயில் ஜெபல் அலி துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கிரேன்களுக்கும் டிரெய்லர்களுக்கும் நடுவில் வேலை பார்த்தார். நான் அந்த முப்பத்தொரு வருஷமும் ஷார்ஜா ரோலாவில் இதே ஃபிளாட்டின் சமையலறையில் நின்றேன். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் ஏசிகள். ரிட்டயர் ஆனதும் திருச்சிக்கே போய்விடுவோம் என்றுதான் இருந்தேன். ஒரு நாள் பார்த்தால், ஒரு பழைய ஃபோர் வீல் வண்டியும் அதன் பின்னால் ஒரு பழைய கேரவனுமாகக் கீழே வந்து நிற்கிறார். நான் பால்கனியில் நின்றபடியே திட்டினேன். "சக்கரம் வச்ச வீடுடி, இனிமே ஜன்னல்ல என்ன தெரியணும்னு நீ சொல்லு" என்று கீழேயிருந்து கத்தினார். அடுத்த ஏழு குளிர்காலம் அப்படித்தான் போனது. இங்கே வெயில் கொளுத்தும்போது திருச்சி, அங்கே ஐப்பசி மழை அடங்கும்போது இங்கே. நவம்பரில் கிளம்பினால் மார்ச் வரை ராஸ் அல் கைமா மலையடி, லிவா மணல், ஓமான் கடற்கரை என்று சுற்றுவோம். கூடவே கீழக்கரை சுலைமான் பாயும் அவர் மனைவியும் அவர்கள் கேரவனில் வருவார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன்னை வளர்த்த வருஷங்களை விட இந்த ஏழு குளிர்காலத்தில்தான் நான் அதிகம் சிரித்தேன். காலையில் கதவைத் திறந்தால் ஒரு நாள் கடல், ஒரு நாள் கல், ஒரு நாள் ஒட்டகம் வந்து நம் பக்கெட்டில் வாய் வைத்துக்கொண்டிருக்கும். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சின்ன அடுப்பில் டீ போடுவேன். உங்கள் அப்பா மடக்கு நாற்காலியில் மகாராஜா மாதிரி உட்கார்ந்து, சர்க்கரை குறைவு என்பார். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், யார் வீட்டு விசேஷத்துக்கும் போக வேண்டாம். இப்போது டிசம்பர். மற்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். சுலைமான் பாய் மனைவி கடற்கரையில் மீன் பொரிக்கிற படம் அனுப்புகிறார். நான் இங்கே சமையலறையில் நின்று, துபாய் பஸ்ஸுக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிற இரைச்சலைக் கேட்டுக்கொண்டு, அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். வயிறு எரிகிறது. அந்த வாழ்க்கையை விட உங்கள் அப்பாவுக்கு மனசில்லை என்று நீ நினைப்பாய். மனசில்லாதவள் நான்தான். இதை நீ நினைவில் வைத்துக்கொள், பிறகு உதவும்.

கேரவன் இழுக்கிறவர்களுக்கு ஒரு வேலைதான் கஷ்டம், பின்னால் தள்ளி நிறுத்துவது. கேரவன் இடதுபக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை வலதுபக்கம் ஒடிக்க வேண்டும். மூளை ஒன்று சொல்லும், கை வேறொன்று செய்ய வேண்டும். உங்கள் அப்பாவுக்கு அது தண்ணி பட்ட பாடு. நான் பின்னால் நின்று, "வாங்க, வாங்க, இன்னும் கொஞ்சம், போதும்" என்று கை காட்டுவேன். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், ராஸ் அல் கைமாவில், வருஷா வருஷம் நிறுத்துகிற அதே இடத்தில், அவர் மூன்று முறை தப்பான பக்கம் ஒடித்தார். நாலாவது முறை கேரவனின் மூலை பாறையில் இடித்தது. இறங்கி வந்து என்னைப் பார்த்துக் கத்தினார், நான் தப்பாகக் கை காட்டினேனாம். சுலைமான் பாய் ஏறி உட்கார்ந்து வண்டியைச் சரியாக நிறுத்திக் கொடுத்தார். சாயங்காலம் நான் தனியாகப் பாத்திரம் கழுவும்போது வந்து, "தங்கச்சி, அண்ணன் கையைக் கவனிச்சீங்களா?" என்றார். "கண்ணாடி பவர் மாத்தணும் பாய், நான்தான் சொல்லிக்கிட்டே இருக்கேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அந்த மனிதர் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. அன்றைக்கு அவரை உட்கார வைத்து, என்ன பார்த்தீர்கள் பாய் என்று கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நான் அவருக்கு நினைவாக மாறினேன். ரவுண்டானாவுக்கு முன்னாலேயே, "ரெண்டாவது எக்ஸிட்தானேங்க?" என்று கேட்பது மாதிரிச் சொல்லிவிடுவேன். பெட்ரோல் பங்கில் வண்டியை எங்கே விட்டோம் என்று தேடினால், நான் முன்னால் நடந்துவிடுவேன். அடுப்பை அணைத்தாரா, கேஸ் வால்வை மூடினாரா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். அவருக்கே தெரியாமல் இதையெல்லாம் செய்கிறேன் என்று எனக்குப் பெருமை வேறு. கல்யாணம் ஆகி நாலு மாதம் ஆனவன் நீ, அதனால் சொல்கிறேன்: நித்யா உன் குறையை உனக்கே தெரியாமல் மூடி வைக்கிற அளவுக்கு உன்மேல் பிரியம் வைக்க வேண்டாம். நீயும் அவளுக்கு அதைச் செய்யாதே. அவளை டிரைவிங் கிளாஸில் சேர்த்துவிடு. நான் மூன்று தடவை டெஸ்டில் ஃபெயிலாகி, போதும் என்று விட்டுவிட்டேன். நீயும் அப்பாவும் அதைச் சொல்லிச் சிரிப்பீர்கள், நானும் சிரிப்பேன். நான் ஓட்டக் கற்றிருந்தால் இப்போது எழுதப் போவது நடந்திருக்காது.

போன பிப்ரவரியில் ஓமானில் நடந்ததைச் சொல்கிறேன். உனக்குத் தெரியும் என்று நினைப்பாய், தெரியாது. ரிட்டயர் ஆன நாளிலேயே நீ போட்ட சட்டம் ஒன்று உண்டு, தினமும் வண்டி நிறுத்தியதும் லொகேஷன் அனுப்ப வேண்டும். அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டுவாய். அன்றைக்கு நிஸ்வாவில் டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். அஷ்கரா கடற்கரையில் சுலைமான் பாய் முந்தின நாளே போய்க் காத்திருந்தார். வழியில் எனக்குக் கண் அசந்துவிட்டது. முழித்துப் பார்த்தால் ரோடு நேராகத் தெற்கே போகிறது, ரொம்ப தூரம் தப்பி வந்துவிட்டோம். "எங்கங்க போறோம்?" என்றேன். "அஷ்கராதான், வேற எங்க?" என்றார். முகம் சிவந்திருந்தது. அந்த முகம் வந்தால் பேசக் கூடாது என்று நான் கற்றிருந்தேன். திரும்பி வந்து சேர இருட்டிவிடும், வழியில் சிக்னல் இருக்காது, நீ லொகேஷன் வரவில்லை என்று போன் மேல் போன் போடுவாய், விஷயம் வெளியே வரும் என்று கணக்குப் போட்டேன். போனில் ஒரு கோடு சிக்னல் இருந்தது. போன வருஷம் அஷ்கராவிலிருந்து உனக்கு அனுப்பின லொகேஷனையே தேடி எடுத்து மறுபடி அனுப்பினேன். "சேர்ந்துட்டோம், சாப்டாச்சு" என்று எழுதினேன். நீ கட்டைவிரலைக் காட்டினாய். சுலைமான் பாய்க்கு, "இன்னிக்கு நிஸ்வாலயே தங்கறோம், நாளைக்கு வரோம்" என்று அனுப்பினேன். உனக்கு ஒரு பொய், அவருக்கு ஒரு பொய். நாங்கள் இருந்த இடத்தை உலகத்தில் யாரும் தேடாத மாதிரி நானே செய்துவிட்டேன்.

மசீரா தீவுக்கு எதிர்க்கரையில் உப்புத் தரை இருக்கிறது. இங்கே சப்கா என்பார்கள். மேலே பார்த்தால் காய்ந்த வெள்ளைத் தரை, கீழே சேறு. கடலைப் பார்த்ததும் அவர், "பாத்தியா, வந்துட்டோம்" என்று ரோட்டை விட்டு உள்ளே இறக்கினார். கொஞ்ச தூரத்தில் கேரவனின் சக்கரம் இறங்கிவிட்டது. இறங்கிப் பார்த்தார், பதறவில்லை. பழைய ஜெபல் அலி ஆள் திரும்பி வந்த மாதிரி இருந்தது. கேரவனைக் கழற்றிவிட்டார், முன் வண்டியின் டயரில் காற்றைக் குறைத்தார், மெதுவாக எடுத்து வெளியே கொண்டு போனார். "நீ இங்கயே இரு, தரை எங்க கெட்டியா இருக்குன்னு பாத்துட்டு அஞ்சு நிமிஷத்துல வந்துர்றேன்" என்றார். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? டீ போட்டு, அவருக்கு ஒரு டம்ளர் மூடி வைத்தேன். வண்டி சின்னதாகி, ரோட்டில் ஏறி, வலதுபக்கம் திரும்பிப் போவது தெரிந்தது. அப்போது மணி மூன்றரை இருக்கும். அவர் வரவில்லை.

அந்த ராத்திரியைப் பற்றி எழுதப் போவதில்லை. விடிந்தபோது கடல் தரைமேல் வந்துகொண்டிருந்தது. அலை இல்லை, சத்தம் இல்லை, ஈரம் மட்டும் பரவியது. பிறகு கணுக்கால் அளவு தண்ணீர். கேரவனின் படி முதலில் மறைந்தது. தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ கடற்கரையில் தங்கியவளுக்கு, ஒரு நாளாவது கேட்டுத் தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை. ரோடு தூரத்தில் கோடாகத் தெரிந்தது. நடக்கலாம் என்று இறங்கினேன், முழங்கால் வரை சேறு இழுத்தது, கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டேன். எனக்குப் பயம் என்னைப் பற்றி இல்லை. அவர் எங்கேயோ வண்டியைக் கவிழ்த்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். வேறு எது நடந்தாலும் என்னை விட்டுவிட்டு இருக்க மாட்டாரே என்று நினைத்தேன்.

பத்து மணி வாக்கில் இரண்டு வண்டிகள் வந்தன. ஒன்றில் சுலைமான் பாயும் உங்கள் அப்பாவும், இன்னொன்றில் ஒரு வயதான ஓமானி மீனவர். நடந்ததைப் பாய் பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார். உங்கள் அப்பா முந்தின நாள் இருட்டுகிற நேரத்தில் அஷ்கராவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார், கை பழகிய பாதை. வெறும் வண்டி. "அண்ணே, கேரவன் எங்க? தங்கச்சி எங்க?" என்று பாய் கேட்டிருக்கிறார். உங்கள் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அவ ஊர்ல இருக்கா பாய். இந்தத் தடவை வரல" என்றிருக்கிறார். சிரித்துக்கொண்டே சொன்னாராம். பாய் உடனே எனக்குப் போன் போட்டிருக்கிறார். என் போன் கிடைக்கவில்லை. என் மெசேஜை நம்பி, நிஸ்வாவில் இருந்த தெரிந்த பையன்களைப் போனில் பிடித்து, தங்குகிற இடமெல்லாம் அலைய விட்டிருக்கிறார். பாதி ராத்திரி அதிலேயே போயிருக்கிறது. விடியற்காலையில் அந்த மீனவர்தான் வண்டியின் டயரில் காய்ந்திருந்த சேற்றை விரலால் எடுத்துப் பார்த்து, "யே மிட்டி இதர் கா நஹி. மஹூத் சைட். யல்லா, ஜல்தி" என்றாராம். இந்தச் சேறு இந்தப் பக்கத்துச் சேறு இல்லை, நாங்கள் சிக்கியிருந்த மஹூத் பக்கத்துச் சேறு என்று அவர் சொல்லாமல் போயிருந்தால் நான் இப்போது இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். என்னைத் தூக்கி வண்டியில் ஏற்றும்போது உங்கள் அப்பா ஓடி வந்து என் கையைப் பிடித்தார். "சொன்னேன்ல, அஞ்சு நிமிஷத்துல ஆள் கூட்டிட்டு வந்துர்றேன்னு" என்றார். அவர் நடிக்கவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். நான் தலையை ஆட்டினேன்.

உனக்கு அந்தக் கதைதான் வந்தது. சேற்றில் மாட்டினோம், அப்பா போய் ஆள் கூட்டிக்கொண்டு வந்தார் என்று அவர் சொல்ல, நான் பக்கத்தில் இருந்து ஆமாம் போட்டேன். ஆனியில் திருச்சியில், உன் கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போகிறோம் என்று சொல்லி அவரை டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். கடிகாரம் வரையச் சொன்னார்கள், அவர் எல்லா எண்ணையும் ஒரே பக்கம் எழுதினார். மறதி நோய் ஆரம்பக் கட்டத்தைத் தாண்டிவிட்டது, இனி வண்டி ஓட்டவே கூடாது, வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். நான் சரி என்றேன். வெளியே வந்து ஃபைலைப் பட்டுப்புடவைப் பெட்டியில் அடியில் வைத்தேன். பத்திரிகை அடித்தாகிவிட்டது. பெண் வீட்டுக்குத் தெரிந்தால் என்ன கேட்பார்கள்? இது பிள்ளைக்கும் வருமா என்று கேட்பார்கள். கேட்டால் தப்பும் இல்லை. நித்யா, உன்னிடம் சொல்கிறேன், என்னை மன்னிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை நான் மறைத்தேன். மகனிடம்கூடச் சொல்லவில்லை, அவனைக் கோபிக்காதே. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

பொய் சும்மா இருக்கவில்லை, கண்ணா. வரவேற்பில் நீ மைக்கைப் பிடித்து, "எங்கப்பா பாலைவனத்துல எங்கம்மாவ காப்பாத்தினவரு" என்று அந்தக் கதையைச் சொன்னாய். மண்டபமே கை தட்டியது. நானும் தட்டினேன். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். கீழே இறங்கியதும் உன் மாமனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி, உங்கள மாதிரி ஆளோட ஒரு தடவையாவது அந்த வண்டில போகணும்" என்றார். "ஜனவரில வாங்க, நானாச்சு" என்றார் இவர். இந்தப் பயணம் அங்கேதான் முடிவானது. நான் இரண்டடி தள்ளித் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

இந்த நவம்பரில் வந்ததிலிருந்து சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலில் என் முழங்கால் வலி. பிறகு டயர் தேய்ந்துவிட்டது, வண்டியின் பாஸிங், வருஷா வருஷம் செய்கிற பரிசோதனைப் பதிவு, காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்காமல் ரோட்டில் எடுக்க முடியாது என்று. அந்த ஒரு சாக்குதான் நின்றது. தினமும் காலையில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்து, "எப்பக் கிளம்பறோம்?" என்பார். "பாஸிங் ஆகலையேங்க" என்பேன். சரி என்று உட்கார்ந்துவிடுவார். முந்தாநாள் நீ போன் செய்து, சர்ப்ரைஸ் என்று சிரித்தாய். ஷார்ஜாவில் உன் ஃபிரண்டைப் பிடித்து நாலு டயரும் புதிதாக மாற்றி, பாஸிங்கும் முடித்துவிட்டாய், போய் எடுத்துக்கொள்ளலாம் என்றாய். உங்கள் அப்பா சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினார். நீ செய்தது தப்பில்லை, உனக்கு யார் சொன்னார்கள்? ஆனால் போனை வைத்ததும் நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நேற்று டாக்ஸியில், வண்டியும் சேற்றிலிருந்து இழுத்து மீட்ட கேரவனும் நிற்கிற யார்டுக்குப் போனோம். வேறு யாராவது ஓட்டி வர ஏற்பாடு செய்யத்தான் நினைத்தேன். அவர் கேரவனின் கதவைத் திறந்தார். கேஸும் மணலும் பழைய மசாலாவும் கலந்த அந்த வாடை வந்தது. அவ்வளவுதான், எனக்குப் புத்தி கெட்டுவிட்டது. நல்ல குளிர். மணி பதினொன்று. உம் அல் குவைன் கடற்கரை வரைக்கும் போய்விட்டுச் சாயங்காலம் வந்துவிட்டால் என்ன, நான்தான் பக்கத்திலேயே இருக்கிறேனே என்று தோன்றியது. எழுதவே கூசுகிறது. நானே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "போலாம்ங்க" என்றேன். வண்டியை அழகாக எடுத்தார். இரண்டு சிக்னல் தாண்டினோம். மூன்றாவது சிக்னலில் நின்றபோது என் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாக, "மேடம், நீங்க எங்க இறங்கணும்?" என்றார். யாரையோ கேட்கிறார் என்று பின்னால் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. அவர் சிரித்த முகமாக என் பதிலுக்காகக் காத்திருந்தார். பச்சை விழுந்து, பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். "ரோலால இறங்கிக்கறேன் சார்" என்றேன். "நம்ம வழிதான்" என்றார். ரோலா வரைக்கும் உன் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நீ இரண்டாம் வகுப்பு படிப்பதாகச் சொன்னார், வீட்டில் மனைவிக்கு உடம்பு முடியவில்லை என்றும் சொன்னார். நான் உச்சுக் கொட்டினேன். கீழே நிறுத்தி, "பாத்து இறங்குங்க" என்றார். வாட்ச்மேனைக் கூப்பிட்டுத்தான் வண்டியை அணைத்து அவரை மேலே கூட்டி வந்தேன்.

கண்ணா, இனிமேல் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சம்பந்தி வருவதற்கு முன்னால் நீ ஒரு தடவை இங்கே வா. லீவு கிடைக்காது என்று சொல்லாதே, அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தால் கேட்பாய் இல்லையா, அப்படிக் கேள். வந்து அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடு. விற்பாயோ, யாருக்காவது கொடுப்பாயோ, எனக்குச் சொல்லாதே. என் கண்ணில் படாத இடமாக இருக்கட்டும். சம்பந்திக்கு நீயும் நித்யாவும் சேர்ந்து போன் செய்து உள்ளதைச் சொல்லுங்கள். நான் மறைத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்கள் வந்தால் வரட்டும், பஸ்ஸில் ஊரைப் பார்க்கலாம், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லட்டும். அவரைத் திட்டாதே. அவர் உன் முகத்தைப் பார்த்து யாரென்று தேடும்போது உன் பெயரைச் சொல், "தெரியுதாப்பா?" என்று பரீட்சை வைக்காதே. நான் இரண்டு வருஷம் செய்ததை இனி நீங்கள் வெளிச்சத்தில் வைத்துச் செய்ய வேண்டும். பயமாக இருக்கிறது. எனக்கு இதை வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று பாக்கி. இன்றைக்குக் காலையில் எழுந்தவுடன் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? நேற்று நடந்ததற்குப் பிறகும், கிட்டத்தில் இருக்கிற கடற்கரைதானே, மெதுவாகப் போனால் என்ன என்றுதான் தோன்றியது. அதனால் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை நீ வீடியோவில் கூப்பிடுவாய். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதுகொண்டே கூப்பிடுவாய். அப்பா என் பக்கத்தில் சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு, முழுசாக, நன்றாக இருப்பார். உன் வேலையைப் பற்றிச் சரியாக இரண்டு கேள்வி கேட்பார். உனக்கே சந்தேகம் வந்துவிடும். "அம்மா, நிஜமாவே அப்பா ஓட்டக் கூடாதா?" என்று கேட்பாய். நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் என் முகத்தைப் பார்ப்பார். "அதெல்லாம் நல்லாத்தான்டா இருக்காரு, நான் பாத்துக்கறேன், சம்பந்திய வரச் சொல்லு" என்று சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். நான் சிரித்துக்கொண்டேதான் சொல்வேன், உனக்கு நம்பவும் தோன்றும். நம்பாதே, கண்ணா.